இஸ்திரிப் பெட்டி ஏறாத கப்பலுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள், உங்கள் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேரும் சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு வரப்போகிறீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். நான்கு இரவுப் பயணம். அதில் ஓர் இரவு எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போக வேண்டும். ஆனால் இஸ்திரிப் பெட்டி கொண்டுவரக் கூடாது என்று கப்பல் நிறுவனம் சொல்லிவிட்டது. மாமியாரின் காஞ்சிபுரம் பட்டும் கணவரின் லினன் சட்டையும் கசங்காமல் போய்ச் சேர என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். இதையெல்லாம் போய்க் கேட்கிறேனே என்ற தயக்கமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது.

தயங்க வேண்டாம். ஒரு குடும்பம் காசு சேர்த்து, விடுப்பு வாங்கி, வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல்முறை கடலில் போகிறது. அந்த நான்கு நாளும் நன்றாக உடுத்திக்கொள்ள ஆசைப்படுவதில் என்ன தவறு? உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: கப்பலுக்குப் போய்ச் சுருக்கத்தை எடுக்கலாம் என்று எண்ணாதீர்கள். வேலையில் பெரும்பகுதி பெட்டியை மூடுவதற்கு முன்பே, உங்கள் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். எந்தத் துணியை எடுப்பது, அதை எப்படி உலர்த்துவது, எப்படி மடிப்பது என்ற மூன்றிலும் கவனம் வைத்தால் கப்பலில் செய்ய மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

முதலில் அந்தத் தடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், சின்னதாக ஒரு பயண இஸ்திரிப் பெட்டியைத் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். கேட்காதீர்கள். ஊரில் வீடு தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். தீயணைப்பு வண்டி வரும். நடுக்கடலில் ஓட இடமில்லை. தீயை அணைக்க வேண்டியவர்களும் கப்பலில் இருக்கும் பணியாளர்கள்தான். 1934 செப்டம்பரில் ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்த ‘மாரோ காசில்’ என்ற பயணிகள் கப்பல், நியூ ஜெர்சி கரைக்கு அருகே தீப்பிடித்து 137 பேர் இறந்தார்கள். கப்பலின் உள் அலங்காரத்தில் இருந்த மரமும் மெருகும் தீயை வேகமாகப் பரப்பின. எளிதில் தீப்பற்றாத பொருள்கள், தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகள், கப்பல் முழுவதும் ஒலிக்கும் அபாய மணி ஆகியவற்றுக்கான விதிகள் அதன் பிறகுதான் இறுகின. பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் 200 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் தூங்கும் கப்பலில், ஒரு மெத்தையின் மேல் அதை யாரோ ஒருவர் மறந்து வைத்தால் போதும். துணிக்கு நீராவி பிடிக்கும் கையடக்கக் கருவிக்கும் இதே காரணத்தால்தான் தடை. துறைமுகத்தில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும்போது இவை தெரிந்துவிடும். எடுத்து வைத்துக்கொண்டு பயணம் முடிந்ததும் தருவார்கள். உங்கள் பெட்டி அறைக்கு வருவதுதான் அதனால் தாமதமாகும்.

சில கப்பல்களில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளத் தனி அறை உண்டு. பிரின்சஸ், கார்னிவல், குனார்ட் நிறுவனங்களின் பல கப்பல்களில் இந்த வசதி இருக்கிறது. ராயல் கரீபியன் கப்பல்களில் இல்லை. அங்கே பணியாளர்களிடம் கொடுத்துக் காசு கட்டித்தான் இஸ்திரி போட்டு வாங்க வேண்டும். உங்கள் கப்பலில் எப்படி என்று பயண முகவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, துணி ஏன் கசங்குகிறது என்று பார்ப்போம். இது தெரிந்துவிட்டால் மற்ற எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பருத்தி, லினன் இரண்டும் செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனவை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரம் பட்டால் இந்தப் பிணைப்புகள் விடுபடும். காயும்போது, துணி அந்த நேரத்தில் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத்தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் கூந்தல் அலை அலையாக நிற்கிறதே, அதே காரணம்தான். அங்கேயும் ஈரம் பிணைப்பை அவிழ்க்கிறது, காய்வது அதை முடிச்சுப் போடுகிறது.

ஆகவே வெறும் மடிப்பு மட்டும் சுருக்கம் ஆகிவிடாது. கூர்மையான மடிப்பு, அதன் மேல் பாரம், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு, போதிய நேரம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் அது துணியில் நிலைக்கிறது. இஸ்திரி போடும்போதும் நாம் இதைத்தானே செய்கிறோம்? தண்ணீர் தெளிக்கிறோம், சூடு காட்டுகிறோம், அழுத்துகிறோம். தட்டையாக வைத்துச் செய்தால் அது இஸ்திரி. பெட்டிக்குள் ஏடாகூடமாக நடந்தால் அது கசங்கல். இந்த ஐந்தில் இரண்டையோ மூன்றையோ தடுத்துவிட்டாலே நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

இதை வைத்துக்கொண்டு துணிகளைத் தேர்ந்தெடுங்கள். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. அதில் மடிப்பு நிலைக்க 70, 80 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பயணப்பெட்டிக்குள் அந்தச் சூடு வருவதில்லை. அதனால்தான் பாலியஸ்டர் ஜார்ஜெட், கிரேப் புடவைகள் எப்படிச் சுருட்டி வைத்தாலும் உதறினால் சரியாகிவிடுகின்றன. கிரேப்பிலும் ஜார்ஜெட்டிலும் நூலையே பலமாக முறுக்கி நெய்திருப்பார்கள். அந்த முறுக்கு மடிப்பை உதறித் தள்ளும். பின்னலாடைகளில் நூல் கண்ணி கண்ணியாக ஓடுவதால் நெருக்கினாலும் தளர்ந்து பழைய நிலைக்கு வரும். திருப்பூர் டி-சர்ட்டுகள் பயணத்தில் சொன்னபடி கேட்பது இதனால்தான். பிள்ளைகளுக்கு அவைதான் சிறந்தவை. கம்பளி இழை இயல்பிலேயே சுருள் கொண்டது. உங்கள் கணவரிடம் கம்பளி கலந்த கோட்டு இருந்தால், ஓர் இரவு தொங்கவிட்டாலே பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

லினன்தான் இவற்றில் பிடிவாதக்காரன். ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் அந்த இழை விறைப்பானது. மீள்தன்மை அதற்குக் குறைவு. எவ்வளவு அழகாக மடித்துக் கொண்டுபோனாலும், போட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பிலும் முழங்கையிலும் கோடு விழும். அதனால் அந்தச் சட்டையை விருந்து இரவுக்கு வைக்காதீர்கள்; பினாங்கில் இறங்கும் நாளுக்கு வையுங்கள். ஜார்ஜ் டவுன் வெயிலுக்கு லினனைவிட இதமானது இல்லை. நடந்து சுற்றும் நாளில் அதன் சுருக்கம் யார் கண்ணையும் உறுத்தாது. அங்கே குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாமியார் நிச்சயம் போக விரும்புவார். கோயிலுக்கென்று பருத்தி சுடிதாரும் தோளை மூட ஒரு துப்பட்டாவும் எடுத்துக்கொள்ளுங்கள். விருந்து இரவுக்குக் கணவருக்குப் பட்டு வேட்டியும் அடர்த்தியான பருத்திச் சட்டையும் போதும். அவரவர் நாட்டு உடை அத்தகைய இரவுகளுக்கு முழுப் பொருத்தம். வேட்டியில் நான்கு மடிப்புக் கோடு தெரிவது அதற்கு அழகே தவிரக் குறையில்லை. பழைய கோட்டின் மேலேயே மடித்து வையுங்கள்.

கசங்காத உடைக்காக உலகில் நடந்த முயற்சிகளையும் இங்கே சொல்ல வேண்டும். அவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடங்கள் நல்லவை. வெனிஸ் நகரில் 1907 வாக்கில் மரியானோ ஃபார்ச்சூனியும் பின்னாளில் அவர் மனைவியான ஆன்ரியெத் நெக்ரினும் மெல்லிய பட்டில் நுண்ணிய மடிப்புகள் வைத்து ‘டெல்ஃபோஸ்’ என்ற நீண்ட கவுனை உருவாக்கினார்கள். அந்த மடிப்பு முறையை உண்மையில் கண்டுபிடித்தவர் ஆன்ரியெத்தான் என்று ஃபார்ச்சூனியே எழுதி வைத்திருக்கிறார். அந்த உடையைத் தட்டையாக மடிக்க மாட்டார்கள். கயிறு போல் முறுக்கிச் சுருட்டி ஒரு சிறிய வட்டப் பெட்டியில் வைப்பார்கள். எடுத்து உதறினால் அத்தனை மடிப்பும் அப்படியே இருக்கும். ஜப்பானியர் இஸ்ஸே மியாகே 1993-இல் ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தபோது பாலியஸ்டரில் இதையே வேறு வழியில் செய்தார். உடையை வேண்டிய அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தைத்து, காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்புகளை நிலைக்கச் செய்தார். மடிப்பையே அழகாக்கிவிட்டால் சுருக்கத்துக்கு அங்கே இடமில்லை. நம் கடைகளில் கிடைக்கும் சுருக்க வேலைப்பாட்டுத் துப்பட்டாக்களும் குர்த்திகளும் அதே வழியில் வந்தவை. சிறு பூப்போட்ட துணியிலும் பல நிறக் கட்டம் போட்டதிலும் கசங்கல் தெரியாது. வெளிர்நிற வெற்றுத்துணியில்தான் பளிச்சென்று தெரியும்.

பருத்தியையே கசங்காமல் செய்ய முயன்றவர்களில் ரூத் பெனெரிட்டோவின் பெயரை நம் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1916-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த வேதியியலாளர்; அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் பணியாற்றினார். செல்லுலோஸ் சங்கிலிகளைக் குறுக்கே இணைத்துவிடும் வேதிப்பொருள்களைக் கொண்டு, துவைத்து உலர்த்தியதும் அப்படியே போட்டுக்கொள்ளக்கூடிய பருத்தித் துணிக்கு வழிவகுத்தார். அவர் பெயரில் 55 காப்புரிமைகள் இருந்தன. ஆனாலும் இது பலர் சேர்ந்து செய்த வேலை என்றே அவர் சொல்லிவந்தார். எத்தனையோ வீடுகளில் பெண்கள் இஸ்திரி மேசையருகே நின்ற நேரத்தை அந்த ஆய்வகம் குறைத்திருக்கிறது. ‘ரிங்கிள் ஃப்ரீ’ என்று சீட்டு ஒட்டிய பருத்திச் சட்டையை வாங்கினால், இந்த வேதிப்பூச்சுதான் அதில் இருக்கிறது. பூச்சின் மிச்சம் தோலில் படாதிருக்க, ஒருமுறை துவைத்த பிறகே போடுங்கள். உங்கள் கணவருக்கு அப்படி ஒரு சட்டை வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இதை எழுதும்போது ஒன்று கவனித்தேன். கணவரின் சட்டை, மாமியாரின் பட்டு, மகளின் கவுன் என்று எல்லாவற்றையும் எழுதிய நீங்கள், உங்கள் உடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. எல்லோருடையதையும் அடுக்கி முடித்த பிறகு, மிச்சம் இருக்கும் மூலைகளில் அம்மாவின் துணிகளைத் திணிப்பார்கள். போய்ச் சேரும்போது அதிகம் கசங்கியிருப்பதும் அவையே. உங்களுக்கான புடவையை முதலில் முடிவு செய்யுங்கள். பட்டு கனம் என்று தோன்றினால் நல்ல கிரேப் சில்க் எடுங்கள். விருந்துக்கும் பொருத்தம், கட்டுவதற்கும் எளிது.

அடுத்தது தயார் செய்வது. பயணத்துக்குப் போகும் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடாதீர்கள். கஞ்சி துணியை விறைப்பாக்கும். விறைத்த துணி மடித்த இடத்தில் ஒடிந்து, எளிதில் நீங்காத கோடாகிவிடும். இஸ்திரிக்காரரிடம் கொடுப்பதானால், புறப்படும் நாள் காலையில் வாங்கிச் சூடாகப் பெட்டிக்குள் வைக்கும்படி ஆகிவிட வேண்டாம். இஸ்திரி போட்ட துணியில் சூடும் ஈரமும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அப்போது மடித்தால் அந்த மடிப்பு அப்படியே உறைந்துவிடும். இரண்டு நாள் முன்பே வாங்கி, மின்விசிறியின் கீழ் தொங்கவிட்டு, நன்றாக ஆறி உலர்ந்த பிறகு அடுக்குங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தொட்டால் சில்லென்று இருக்கும் துணியில் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

இப்போது மாமியாரின் பட்டு. காஞ்சிபுரம் பட்டு முறுக்கேறிய நூலில் கெட்டியாக நெய்தது. பருத்தி அளவுக்குக் கசங்காது. அதில் பயப்பட வேண்டியது ஜரிகை ஒரே மடிப்புக் கோட்டில் ஒடிவதற்கும், தண்ணீர் பட்டுக் கறை விழுவதற்கும்தான். அருங்காட்சியகங்களில் பழைய துணிகளை மடிக்காமல் உருளையில் சுற்றி வைக்கிறார்கள். தறியிலும் புடவை உருளையில் சுற்றிக்கொண்டுதானே வளர்கிறது? நீங்களும் அதையே செய்யலாம். புடவையின் அகலம் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். அதை நான்காக மடித்தால் 30 சென்டிமீட்டர் அகலப் பட்டை ஆகும். மேலே பழைய மல் வேட்டித் துணி ஒன்றைப் பரப்புங்கள். ஒரு பூந்துவாலையை உருட்டி நடுவே வைத்து, அதைச் சுற்றிப் புடவையைத் தளர்வாகச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். அகலவாட்டில் மடிந்த இடங்களிலும் மெல்லிய துணியை உள்ளே கொடுங்கள். மடிப்பு கூர்மையாகாமல் உருண்டையாக நிற்கும். வீட்டில் பழைய மடிப்புக் கோடுகள் எங்கே இருந்தனவோ அந்த இடத்தில் மறுபடி மடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பல ஊர்களில் புடவைக்கு முன்கூட்டியே கொசுவமும் முந்தானை மடிப்பும் வைத்து, இஸ்திரி போட்டு, பெட்டி வடிவில் மடித்துத் தருகிறார்கள். ஆடும் கப்பலில், சின்ன அறையில், ஐந்து பேர் ஒரே நேரத்தில் தயாராகும்போது இது பெரிய உதவி. அப்படிச் செய்தால் ஊக்குகளைப் புடவையில் நெடுநாள் விட்டுவைக்காதீர்கள். பயணம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பட்டு ரவிக்கைகளின் கைக்குள்ளும் கப்புக்குள்ளும் மெல்லிய காகிதத்தைப் பந்தாக்கி வைத்தால் உருவம் குலையாது.

சட்டைகளுக்கு முதல் பொத்தான், நடுப்பொத்தான், கடைசிப் பொத்தான் மூன்றையும் போட்டு முகம் கீழாக வையுங்கள். காலருக்குள் உருட்டிய காலுறையோ பெல்ட்டோ வைத்தால் அது நசுங்காது. முதுகில் ஒரு பட்டர் பேப்பரை வைத்து, கைகளை அதன் மேல் மடித்து, அடிப்பாகத்தை ஒரே மடிப்பாகத் தூக்குங்கள். இரண்டு சட்டைகளைக் காலர் எதிரெதிராக வைத்தால் பாரம் சமமாகப் பரவும். சலவைக்கடை பிளாஸ்டிக் உறை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே வைக்கலாம். உறை வழுக்குவதால் பெட்டி அசையும்போது துணி பிடிபட்டு மடியாமல் நழுவிக்கொள்ளும். நான்கு நாளுக்கு இது சரி. வீட்டில் பட்டை பிளாஸ்டிக்கில் மூடி வைக்கக் கூடாது.

மற்ற துணிகளுக்கு ஒரு நல்ல முறை, ஒன்றை ஒன்றால் பொதிவது. பேன்ட்டின் இடுப்புப் பாதியைப் பெட்டியில் பரப்பி, கால் பாதியை வெளியே தொங்க விடுங்கள். அதன் மேல் சுடிதார், குர்த்தா என்று குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். நடுவில் உள்ளாடைகளையும் டி-சர்ட்டுகளையும் மூட்டையாக வைத்து, வெளியே இருக்கும் பகுதிகளை ஒவ்வொன்றாக அதன் மேல் திருப்புங்கள். ஒவ்வொரு துணியும் மெத்தென்ற ஒன்றைச் சுற்றி வளைவதால் கூர்மையான கோடே விழாது. இதில் ஒரு சிரமம் உண்டு: ஒன்றை எடுக்க எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கப்பலில் ஒரே அறையில் நான்கு இரவும் தங்குவதால், ஒருமுறை பிரித்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டால் போதும். ஊர் ஊராக விடுதி மாறும் பயணத்துக்குப் பொருந்தாத இந்த முறை கப்பலுக்கு மிகப் பொருத்தம்.

காற்றை உறிஞ்சி எடுத்துவிடும் பிளாஸ்டிக் பைகளை நல்ல துணிக்குப் பயன்படுத்தாதீர்கள். அவை இடத்தைத்தான் மிச்சப்படுத்தும், எடையைக் குறைக்காது. துணிகளை இறுக்கி அமுக்கிக் கசக்கிவிடும். பெட்டியை அளவாக நிரப்புங்கள். நிறைய இடம் விட்டால் துணிகள் சரிந்து மடியும். அமுக்கி மூடினால் பாரம் கோடு போடும். பெட்டியை நிமிர்த்தி உருட்டும்போது கனமெல்லாம் சக்கரப் பக்கம் இறங்கும். ஆகவே செருப்பு, சாமான் பைகள் சக்கரத்தருகே. பட்டுச் சுருள் எல்லாவற்றுக்கும் மேலே.

சிங்கப்பூரில் கப்பல் முனையத்துக்குப் போனதும், அறை எண் எழுதிய சீட்டைக் கட்டிப் பெரிய பெட்டிகளை அங்கேயே கொடுத்துவிடுவீர்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையும் ஆகலாம். ஊரிலிருந்து புறப்பட்டு, விமானம், முனையம் என்று அதுவரை துணி பெட்டிக்குள்ளேயே இருக்கும். சிங்கப்பூர்க் காற்று ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்தது. அதனால் முதல் மாலைக்கான உடையையும் மாமியாரின் மருந்துகளையும் பிள்ளைகளின் நீச்சல் உடையையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பட்டுச் சுருளையும் கையிலேயே கொண்டுபோங்கள்.

பெட்டி வந்ததும், களைப்பாக இருந்தாலும் முதல் வேலை துணிகளை எடுத்து மாட்டுவதுதான். விருந்துக்கு ஒரு நாள் முன்பே தொங்கும் துணி தன் பாரத்திலேயே பாதி சரியாகும். அறையில் இருக்கும் ஹேங்கர்கள் ஐந்து பேருக்குப் போதாது. மெல்லிய ஹேங்கர்கள் சிலவற்றைக் கொண்டுபோங்கள். கப்பல் அறையின் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாக ஒட்டும். நிறுவனம் அனுமதித்தால் அவை மிக உபயோகம். காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

அப்படியும் ஒரு பருத்திக் குர்த்தாவில் கோடு நின்றால், தெளிப்பான் குப்பியால் மெல்லிய பனித்துளியாகத் தண்ணீர் தெளியுங்கள். ஓரங்களைப் பிடித்து மெதுவாக இழுத்து, உள்ளங்கையால் நீவி, குளிர்சாதனக் காற்றில் தொங்கவிடுங்கள். அவசரம் என்றால் அறையிலுள்ள தலைமுடி உலர்த்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டலாம். வெந்நீரில் குளித்ததும் அந்த ஆவியில் துணியை மாட்டிவைப்பதைப் பலர் சொல்வார்கள்; கம்பளிக்கும் மெல்லிய செயற்கை இழைக்கும் அது உதவும், கனமான பருத்தியில் பெரிய பலன் இருக்காது. பட்டில் தண்ணீர் தெளிக்கவே கூடாது. விருந்து உடையைக் கப்பல் பணியாளர்களிடம் இஸ்திரிக்குக் கொடுப்பதானால் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். விருந்தன்று எல்லோரும் கொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் தீயணைப்புத் தெளிப்பான் முனையில் எதையும் மாட்டக் கூடாது. அது உடைந்தால் அறை முழுவதும் நீர் கொட்டும். விளக்குகளின் மேல் ஈரத் துணியைப் போடக் கூடாது. பால்கனி இருந்தாலும் அங்கே காயப்போட வேண்டாம். கடற்காற்று கண்மூடித் திறப்பதற்குள் பறித்துக்கொண்டு போய்விடும்.

கடைசி இரவில் பெட்டிகளை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். நேரத்தை முன்பே அறிவித்துவிடுவார்கள். மறுநாள் காலை உடையும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். நனைந்த நீச்சல் உடையைத் தனிப் பையில் கட்டுங்கள்; ஓர் ஈரத்துணி போதும், பெட்டி முழுவதும் ஈரம் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் பட்டை அப்படியே பீரோவுக்குள் வைக்காமல், வெயில் படாத இடத்தில் ஒரு நாள் காற்றாட விடுங்கள். வேர்வையும் கடற்கரை ஈரமும் போனபின், புது இடத்தில் மடித்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படித்துவிட்டு, ஐந்து பெட்டியையும் தனியாக அடுக்க உட்காராதீர்கள். கணவரிடமும் பிள்ளைகளிடமும் படிக்கக் கொடுங்கள். இதில் இருப்பது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். சட்டையை மடிக்க உங்கள் கணவரால் முடியும். டி-சர்ட்டைச் சுருட்டப் பிள்ளைகளால் முடியும். மாமியாரின் பட்டை நீங்களும் அவரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடியுங்கள். அவரவர் பெட்டியை அவரவர் அடுக்கினால், எது எங்கே இருக்கிறது என்று கப்பலில் உங்களை யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். உங்களுக்கும் அது விடுமுறையாக இருக்கும்.

நல்லபடியாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி